எதுவும் தெரியலைங்கிறதை எப்படி நிரூபிக்கிறது?

ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன் ஆய்வகத்துல என்ஏ62 என்று ஒரு சோதனை. கேயான் என்கிற துகள், ஒரு பையானாகவும் நியூட்ரினோ, ஆன்டிநியூட்ரினோ ஜோடியாகவும் சிதைவதை அங்கே தேடுறாங்க. அந்த ஜோடி டிடெக்டரில் சிக்காது. உள்ளே ஒரு கேயான் போச்சு, வெளியே ஒரு பையான் வந்துச்சு, அவ்வளவுதான் தெரியும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? ஸ்டாண்டர்டு மாடல் கணக்குப்படி 10,000 கோடி கேயான்களில் எட்டு, ஒன்பதுதான் இப்படிச் சிதையும். அந்தக் கணக்கு ரொம்பத் துல்லியமானது. நமக்குத் தெரியாத ஒரு புதுத் துகள் உள்ளே தலையிட்டால், இந்த எண் மாறிடும்.

முறை என்னவோ எளிமைதான். கேயானின் உந்தத்தை அளக்கணும், பையானின் உந்தத்தை அளக்கணும், கழிக்கணும். மிச்சம்தான் கண்ணில் படாதவை கொண்டுபோனது. அதிலிருந்து அவற்றின் மொத்த நிறையைக் கணக்கிடலாம்.

சிக்கல் வேற இடத்துல. 'எதுவும் தெரியலை'ன்னா, தெரிய வேண்டியதை நாம கோட்டை விட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு. கேயான்களில் சுமார் 21 சதவீதம், ஒரு பையானும் ஒரு நியூட்ரல் பையானுமா சிதையும். நியூட்ரல் பையான் உடனே இரண்டு ஃபோட்டானா மாறும். இரண்டையும் தவறவிட்டா, தேடுற நிகழ்வு மாதிரியே இருக்கும்! அதனால ஃபோட்டானைப் பிடிக்கவே சுத்தி டிடெக்டர்கள். சுமார் 10 கோடி நியூட்ரல் பையான்களில் ஒன்று என்ற அளவில்தான் தப்பிக்கும். இன்னொரு பக்கம், சுமார் 64 சதவீதம் கேயான்கள் மியூவானும் நியூட்ரினோவுமா சிதையும். அந்த மியூவானைப் பையான்னு நினைச்சுடவும் கூடாது.

2016 முதல் 2022 வரை எடுத்த தரவின் முடிவை 2024 செப்டம்பரில் அறிவிச்சாங்க. சிக்கியது 51 நிகழ்வுகள். அதில் சுமார் 18 இப்படிப்பட்ட போலிகளா இருக்கும்னு கணிப்பு. போலிகளைக் கழிச்சா, 10,000 கோடிக்கு 13. எதிர்பார்த்ததைவிட கிட்டத்தட்ட 50 சதவீதம் அதிகம்.

அப்போ புது இயற்பியலா? அவசரப்படக் கூடாது. அந்த 13-க்கு ரெண்டு பக்கமும் 3 அளவுக்குப் பிழை இருக்கு. இந்த விலகல் தற்செயலாகவும் வரலாம். இப்படி ஒரு சிதைவு நடக்குது என்பது 5 சிக்மாவைத் தாண்டியாச்சு. ஆனா மாடல் தப்பு என்பது வேற கூற்று, அதுக்கு இந்த ஆதாரம் போதாது.

அடுத்த தடவை 'ஸ்டாண்டர்டு மாடல் உடைந்தது'ன்னு தலைப்பு பார்த்தா, ரெண்டு கேள்வி கேளுங்க: போலிகள் எத்தனை? பிழை எவ்வளவு?