கூட்டம் கலைந்த பிறகு

கோலார் தங்கவயலில் விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் பரபரப்பாகிவிடும். 2001இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் பிழைப்புக்கு பெங்களூர்தான். கிரிக்கெட் பார்க்கவும் பெங்களூர்தான்.

பெரிய போட்டிகளில் நோய் மைதானத்தோடு நிற்பதில்லை. ரசிகரோடு வீடுவரை வருகிறது. 2020 பிப்ரவரி 19இல் அட்டலாண்டா-வேலன்சியா கால்பந்து ஆட்டம் பார்க்க இத்தாலியின் பெர்காமோ பகுதியிலிருந்து சுமார் 40,000 பேர் மிலான் போனார்கள். அடுத்த மாதமே பெர்காமோவின் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் சுமந்தன. அன்றிரவு கொரோனா பரவியிருக்கும் என்றார் நகர மேயர்.

பார்வையாளர்களே இல்லாமல் தொடங்கிய 2021 ஐ.பி.எல்.கூட தப்பவில்லை. வருண் சக்கரவர்த்தி, சந்தீப் வாரியர் இருவருக்கும் தொற்று உறுதியாக, மே 3இல் நடக்கவிருந்த கொல்கத்தா-பெங்களூர் ஆட்டம் தள்ளிப்போனது. மறுநாள் தொடரே நின்றது.

தங்கவயலுக்குக் கூடுதல் கவலை உண்டு. பாறைத் தூசியைச் சுவாசித்தே உழைத்த தொழிலாளர்களைப் பிடித்த நோய் சிலிகோசிஸ். அப்படிப் பழுதான நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றும். சாதாரண ஃப்ளூகூட ஆபத்தாகலாம். பேரனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். தாத்தாவுக்கு அதுவே உயிர்ப் பிரச்சினை.

ஆட்டம் பார்த்துத் திரும்பியவருக்கு இருமல் வந்தால் சில நாள் முகக்கவசத்தோடு தள்ளியிருப்பது நல்லது. ஸ்கோரை வாசலில் நின்றும் சொல்லலாம்.