மாத்திரை இல்லாமல் எச்.ஐ.வி. அடங்குமா?

"ரத்தத்துல வைரஸே தெரியலைன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு. அப்புறம் எதுக்கு தினமும் மாத்திரை?" எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை பெறும் பலருக்கும் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். விஞ்ஞானிகளும் இதற்குத்தான் விடை தேடுகிறார்கள்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இத்தொற்றைக் கண்டறிந்தார்கள். 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்து இலவசம். காலத்தோடு தொடங்கி, தவறாமல் சாப்பிட்டால் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே வாழலாம். வைரஸ் தொடர்ந்து கண்டறிய முடியாத அளவிலேயே இருந்தால், உடலுறவு வழியாகத் துணைவருக்கும் தொற்றாது.

ஆனால் மருந்து வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கிறதே தவிர, வேரோடு பிடுங்குவதில்லை. சி.டி.4 எனும் வெள்ளை அணுக்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே வைரஸ் தன் மரபுக்குறிப்பை எழுதிவிடுகிறது. அவற்றில் சில ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். உறங்கும் அணுவில் வைரஸ் பெருகாது. ஆகவே மருந்துக்கும் அங்கே வேலையில்லை, உடலின் எதிர்ப்பு சக்தி கண்ணிலும் படாது. மாத்திரையை நிறுத்தினால், நீறு பூத்த நெருப்பு போலக் கிடந்தது பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே மூண்டுவிடும்.

அப்படின்னா யாருமே மீளலையா? மீண்டவர்கள் உண்டு. பெர்லினில் சிகிச்சை பெற்ற திமோதி ரே பிரவுனுக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் இருந்தது. 2007, 2008-இல் அவருக்கு ஸ்டெம் செல் மாற்று செய்தார்கள். எச்.ஐ.வி. அணுவுக்குள் நுழைய உதவும் 'சி.சி.ஆர்.5' என்ற கதவு பிறவியிலேயே இல்லாத ஒருவர்தான் கொடையாளி. அதன்பின் மருந்தில்லாமலே வைரஸ் திரும்பவில்லை. 2020-இல் புற்றுநோயால்தான் அவர் காலமானார். லண்டன், ஜெனீவா நகரங்களிலும் இப்படிச் சிலர் மீண்டார்கள். ஆனால் இது உயிருக்கே ஆபத்தான சிகிச்சை, புற்றுநோய்க்காகச் செய்யப்பட்டது. எல்லோருக்கும் செய்ய முடியாது.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010-இல் பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 மணி நேரத்திலேயே மருந்து தொடங்கினார்கள். பின்னர் மருந்து நின்றும் 27 மாதங்கள் வைரஸ் தலைகாட்டவில்லை. குணமாகிவிட்டது என்றே உலகம் மகிழ்ந்தது. 2014-இல் வைரஸ் திரும்பியது. அதே நேரம், பிரான்ஸில் தொற்றிய சில வாரங்களிலேயே மருந்து தொடங்கிய 14 பேர், பின்னர் அதை நிறுத்தியும் பல ஆண்டுகள் வைரஸை அடக்கி வைத்திருந்தது 2013-இல் வெளியானது. இன்று உறங்கும் அணுவை எழுப்பி அழிப்பது, நிரந்தரமாக உறங்க வைப்பது, மரபணுவைத் திருத்துவது, நீடித்து நிற்கும் எதிர்ப்பு அணுக்கூறுகளைச் செலுத்துவது எனப் பல வழிகளில் ஆய்வு நடக்கிறது.

அதுவரை? விட்டுவிட்டு மருந்து கொடுத்தால் என்ன என்று 'ஸ்மார்ட்' எனும் பெரிய ஆய்வு பார்த்தது. அவ்வாறு கொடுக்கப்பட்டவர்களிடையே நோயும் மரணமும் கூடியதால் 2006-இல் அதை நிறுத்தினார்கள். ஆய்வு நிறுத்தச் சொல்வது வேறு, நாமாக நிறுத்துவது வேறு. ஆய்வில் டாக்டர்கள் அடிக்கடி ரத்தம் பார்த்து, வைரஸ் எழுந்தால் உடனே மருந்து தருவார்கள்.

வெளியூரில் வேலை மாறும்போது மாத்திரை நின்றுவிடக் கூடாது. போகும் ஊரில் உள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், கூச்சப்படாமல் கேளுங்கள். 'முழுசா குணமாக்குறேன்' என்று காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். நம்பிக்கை இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.