தீயோரின் முற்கதை

தீயோர்க்கு முற்கதை கூறுதல் இக்காலத்தார் கண்ட புதுநெறி என்பார் உளர். அமெரிக்க எழுத்தாளர் மரிசா மேயர் 2015இல் இளைஞர்க்கென வெளியிட்ட ‘ஃபேரஸ்ட்’ என்னும் அறிவியற் புனைகதை, பனிவெண்மகள் கதையின் கொடிய அரசியைச் சந்திர மண்டலத்து அரசியாக்கி, தமக்கையால் தீக்காயமுற்ற சிறுமியாக அவளது இளமையைக் காட்டுகின்றது.

நம் சிலப்பதிகாரமோ மேலும் ஒருபடி செல்கின்றது. பொய்ப்பழி சுமத்திய பொற்கொல்லனுக்கன்றி, பழி சுமந்த கோவலனுக்கே அது முற்கதை கூறுகின்றது. முற்பிறப்பிற் பரதன் என்னும் பெயரினனாய்ச் சிங்கபுரத்தில் அரச பணி புரிந்த அவன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனெனக் காட்டிக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அலைந்து, மலையேறிச் சபித்து உயிர்நீத்தாள். மதுராபதித் தெய்வம் இதனைக் கண்ணகிக்கு உரைக்குமிடம் கட்டுரை காதை.

முல்லைத்தீவுக் கோவலன் கூத்தையும் வற்றாப்பளைக் கண்ணகியம்மனின் வைகாசிப் பொங்கலையும் அறிந்த வன்னி மாணாக்கர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். முற்கதை அறிதல் குற்றத்தைப் பொறுத்தலன்று. பரதன் செயல் தெரிந்த பின்னும் பொற்கொல்லன் பழி குறையவில்லை. ஆராயாது கொல்வித்த பாண்டியன் தவறும் குறையவில்லை. ஆயின், ‘கள்வன்’, ‘ஒற்றன்’ என்னும் ஒரு சொல் வினவாது நம்பப்படின் உயிர் கொள்ளும் என்பதும், இன்று அச்சொல்லுக்கு இரையாவான் நேற்று அதனை மொழிந்தவனாகவும் இருக்கலாம் என்பதும் தெளிவாம். வினவிய பின்னரே நம்புதல் கற்றோர் கடன்.