ஜியார்டியா மரபணு வகைப்படுத்தல்

ஜியார்டியா மரபணு வகைப்படுத்தல் என்பது, சிறுகுடலில் வாழும் ஜியார்டியா என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியின் மரபணுக்களை ஒப்பிட்டு, அது எந்த மரபுத் தொகுதியைச் சேர்ந்தது எனக் கண்டறியும் முறை ஆகும். இவ்வொட்டுண்ணி உலகெங்கும் காணப்படுகிறது; வளரும் நாடுகளில் சிறு குழந்தைகளை மிகுதியாகத் தொற்றுகிறது. நாய், பூனை, கால்நடைகள் ஆகியவற்றின் குடலிலும் இதே உருவம் கொண்ட ஒட்டுண்ணி வாழ்கிறது. எனவே ஒரு குழந்தைக்குத் தொற்று மற்றொரு குழந்தையிடமிருந்து வந்ததா, வீட்டு விலங்கிடமிருந்து வந்ததா என்பதை நுண்ணோக்கியால் மட்டும் அறிய இயலாது. இக்கேள்விக்கு விடை தேடவே மரபணு வகைப்படுத்தல் பெரிதும் பயன்படுகிறது.

ஒட்டுண்ணியின் இயல்பு

ஜியார்டியாவின் வாழ்க்கைச் சுழற்சியில் இரண்டு நிலைகள் உள்ளன. சிறுகுடலில் உணவுண்டு பெருகும் நிலை பேரிக்காய் வடிவமுடையது. 12 முதல் 15 மைக்ரோமீட்டர் நீளம் கொண்டது. இதற்கு இரண்டு உட்கருக்களும் எட்டுக் கசையிழைகளும் உண்டு. அடிப்புறத்தில் அமைந்த ஒட்டுத்தட்டினால் இது குடற்சுவரைப் பற்றிக்கொள்கிறது. பெருங்குடலை நோக்கிச் செல்லும்போது தன்னைச் சுற்றித் தடித்த உறையொன்றை அமைத்துக்கொண்டு, முட்டை வடிவ உறைக்கூடாக மாறி மலத்துடன் வெளியேறுகிறது. உறைக்கூடு 8 முதல் 12 மைக்ரோமீட்டர் நீளமுடையது. குளிர்ந்த நீரில் பல வாரங்கள் உயிருடன் இருக்க வல்லது.

மாசுபட்ட நீர், உணவு, கைகள் ஆகியவற்றின் வழியாக உறைக்கூடுகள் வாயை அடைகின்றன. பத்து உறைக்கூடுகளே தொற்றை உண்டாக்கப் போதுமானவை என்பது 1954இல் வெளியான ஆய்வொன்றில் அறியப்பட்டது. கையை வாயில் வைக்கும் வழக்கமும், தரையில் தவழ்ந்து விளையாடுவதும், நோய் எதிர்ப்புத் திறன் முழுமை பெறாமையும் குழந்தைகளுக்கு எளிதில் தொற்று ஏற்படக் காரணங்களாகும். தொற்றுக்கு உள்ளான சிலருக்குத் துர்நாற்றமுள்ள வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடைக் குறைவு ஆகியன தோன்றுகின்றன. வேறு பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை.

வரலாறு

அன்டோனி வான் லீவன்ஹூக் 1681இல் தம்முடைய மலத்தைத் தாம் செய்த நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது இவ்வுயிரியைக் கண்டார். 1859இல் பிராகா நகர மருத்துவர் வில்லெம் லாம்பிள் குழந்தைகளின் மலத்தில் இதனைக் கண்டு விரிவாக விவரித்தார். பேரினப் பெயர் பிரெஞ்சு விலங்கியலாளர் ஆல்பிரட் ஜியாரின் நினைவாக அமைந்தது. மனிதரைத் தொற்றும் இனம் ஜியார்டியா டியோடினாலிசு, ஜியார்டியா இன்டெசுடினாலிசு, ஜியார்டியா லாம்பிலியா என மூன்று பெயர்களால் வழங்கப்படுகிறது; மூன்றும் ஒன்றையே குறிக்கும்.

தொடக்கத்தில், எந்த விலங்கில் காணப்பட்டதோ அதன் பெயரால் பல இனங்கள் பெயரிடப்பட்டன. 1952இல் பிலிசி என்பவர் செல்லின் உருவ அமைப்பை மட்டும் கொண்டு அவற்றை மூன்று இனங்களாகச் சுருக்கினார். அதன்படி மனிதரிடமும் பெரும்பாலான பாலூட்டிகளிடமும் உள்ளவை ஒரே இனமாயின. 1980களில் நொதிகளையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிடும் முறைகள் வந்தபின், ஓருருவம் கொண்ட இவ்வினத்துக்குள் பெரும் வேறுபாடுகள் மறைந்திருப்பது புலப்பட்டது. 1995இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மனிதரிடமிருந்து பெற்ற ஜியார்டியாக்களை ஏ, பி என இரண்டு தொகுதிகளாகப் பிரித்தனர்.

மரபுத் தொகுதிகள்

இன்று எட்டுத் தொகுதிகள் பொதுவாக ஏற்கப்படுகின்றன.

- ஏ - மனிதர், கால்நடைகள், நாய், பூனை, காட்டு விலங்குகள்
- பி - மனிதர், சில பாலூட்டிகள்
- சி, டி - நாய் மற்றும் அதன் குடும்ப விலங்குகள்
- ஈ - மாடு, ஆடு, பன்றி போன்ற குளம்புடைய விலங்குகள்
- எஃப் - பூனை
- ஜி - எலிகள்
- எச் - சீல் போன்ற கடல் விலங்குகள்

மனிதரிடம் பெரும்பாலும் ஏ, பி ஆகிய இரண்டு மட்டுமே காணப்படுகின்றன. ஈ தொகுதி எகிப்து உள்ளிட்ட சில நாடுகளில் மனிதரிடம் கண்டறியப்பட்டுள்ளது. ஏ தொகுதிக்குள் துணைப்பிரிவுகளும் உண்டு. அவற்றுள் ஏ1 பெரும்பாலும் விலங்குகளிடமும், ஏ2 பெரும்பாலும் மனிதரிடமும், ஏ3 காட்டில் வாழும் குளம்புடைய விலங்குகளிடமும் காணப்படுகின்றன.

ஏ தொகுதியைச் சேர்ந்த ஜியார்டியா ஒன்றின் முழு மரபுத்தொகை 2007இலும், பி தொகுதியைச் சேர்ந்த ஒன்றின் மரபுத்தொகை 2009இலும் வெளியிடப்பட்டன. இரண்டிலும் புரதங்களைக் குறிக்கும் பகுதிகள் ஏறத்தாழ 77 விழுக்காடு அளவுக்கே ஒத்திருந்தன. இதனால் இவற்றைத் தனித்தனி இனங்களாகவே கருத வேண்டும் என்று அறிவியலாளர் சிலர் கூறுகின்றனர்.

செய்முறை

முதலில் மலத்தில் உள்ள உறைக்கூடுகளின் உறுதியான சுவரை உடைத்து டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்படுகிறது. உறைய வைத்து உருகச் செய்தல், நுண்மணிகளுடன் சேர்த்துக் குலுக்குதல் ஆகியன இதற்கு உதவுகின்றன. பித்த உப்பு போன்ற மலப்பொருள்கள் அடுத்து வரும் வினையைத் தடுக்கக்கூடும் என்பதால் டி.என்.ஏ. தூய்மை செய்யப்படுகிறது.

அதன்பின், தேர்ந்தெடுத்த மரபணுவின் ஒரு பகுதி பாலிமரேசு தொடர்வினை மூலம் பல கோடிப் படிகளாகப் பெருக்கப்படுகிறது. சிறு ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு, பீட்டா ஜியார்டின், குளூட்டமேட்டு டிஐதரசனேசு, டிரையோசு பாசுபேட்டு ஐசோமெரேசு ஆகிய மரபணுக்கள் மிகுதியாகப் பயன்படுகின்றன. இவற்றுள் முதலாவது மெதுவாக மாறுவது. எனவே தொகுதியை மட்டும் அறிய ஏற்றது. மற்றவை விரைவாக மாறுவதால் துணைப்பிரிவுகளை அறிய உதவுகின்றன.

இறுதியில், பெருக்கிய பகுதியைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டும் நொதிகளால் துண்டாக்கித் துண்டுகளின் நீளத்தை ஒப்பிடலாம். அல்லது அதன் எழுத்து வரிசையை நேரடியாகப் படிக்கலாம். முதல் முறை செலவு குறைந்தது. இரண்டாவது முறை நுண்ணிய வேறுபாடுகளையும் காட்டுவது.

குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள்

எந்தத் தொகுதி கடுமையான நோயைத் தருகிறது என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வியாகும். நெதர்லாந்தில் நோயாளிகளிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வு, பி தொகுதி நீடித்த வயிற்றுப்போக்குடனும் ஏ தொகுதி விட்டுவிட்டு வரும் லேசான வயிற்றுப்போக்குடனும் தொடர்புடையவை எனக் கண்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் குழந்தைகள் காப்பகங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வின் முடிவு இதற்கு நேர்மாறானது; அங்கு ஏ தொகுதி தொற்றிய குழந்தைகளுக்கே வயிற்றுப்போக்கு மிகுந்திருந்தது. வேலூரில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் மாதிரிகளில், வயிற்றுப்போக்கு உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் பி தொகுதியே பெரும்பான்மையாக இருந்தது. ஆயினும் ஏ தொகுதி வயிற்றுப்போக்கு உள்ளவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது.

ஆப்பிரிக்கா, ஆசியாவின் ஏழு இடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், கடுமையான வயிற்றுப்போக்குக்கு ஜியார்டியா முதன்மைக் காரணமாகத் தெரியவில்லை. மறுபுறம், வேலூர் உள்ளிட்ட எட்டு இடங்களில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பிறந்து ஆறு மாதத்துக்குள் தொடர்ச்சியாகத் தொற்றிய குழந்தைகள் இரண்டு வயதில் எடையிலும் உயரத்திலும் பின்தங்கியிருப்பது அறியப்பட்டது. வயிற்றுப்போக்கு இல்லாத தொற்றும் தீங்கற்றது என்று கொள்ள முடியாது என்பதே இதன் பொருள்.

பயன்கள்

தொற்றின் மூலத்தை அறிவது தடுப்புப் பணிக்கு வழிகாட்டுகிறது. ஓர் ஊரின் குழந்தைகளிடம் மனிதரிடையே பரவும் வகைகளே இருந்தால், கழிப்பறை, கை கழுவுதல், பாதுகாப்பான குடிநீர் ஆகியவற்றுக்கு முதலிடம் தர வேண்டும். விலங்குகளிடமும் அதே துணைப்பிரிவு காணப்பட்டால், அவற்றின் கழிவை வீட்டிலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் விலக்கி வைப்பதும் தேவையாகிறது. அசாமின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டு. ஒரே வீட்டில் வாழும் மனிதருக்கும் நாய்க்கும் இடையே ஜியார்டியா பரவுவதற்கான சான்றுகளை அது காட்டியது. குடிநீர் வழியே நோய் திடீரெனப் பரவும்போது நோயாளிகளின் மாதிரிகளையும் நீர் மாதிரிகளையும் ஒப்பிடவும் இம்முறை உதவுகிறது.

வரம்புகள்

ஜியார்டியாவின் ஒவ்வொரு செல்லிலும் மரபுத்தொகையின் நான்கு படிகளாவது உள்ளன. பி தொகுதியில் இப்படிகள் தமக்குள் சற்றே வேறுபடுகின்றன. எனவே ஒரு மாதிரியில் இருவகை வரிசைகள் தெரிந்தால், அது இரு தொற்றுகளின் கலப்பா, ஒரே செல்லின் உள்வேறுபாடா எனக் கூறுவது கடினம். ஒரே மாதிரியை இரு மரபணுக்களைக் கொண்டு ஆராயும்போது, ஒன்று ஏ எனவும் மற்றொன்று பி எனவும் காட்டுவதுண்டு. கலப்புத் தொற்றில் மிகுதியாக உள்ள தொகுதி மட்டும் பெருக்கப்பட்டு, மற்றது மறைந்துபோகவும் கூடும். இதனால் குறைந்தது இரண்டு அல்லது மூன்று மரபணுக்களை ஆராய்வது நல்லது.

ஏ தொகுதி மனிதரிடமும் விலங்குகளிடமும் வாழ்வதால், ஒரு குழந்தையிடம் அது காணப்பட்டது என்பது மட்டுமே விலங்கிடமிருந்து தொற்றியதற்குச் சான்றாகாது. அதே வீட்டின் விலங்குகளையும், குடிநீரையும், பிற குழந்தைகளையும் சேர்த்து ஆராய வேண்டும்.

மருத்துவமனைகளில் நோயை உறுதிசெய்ய இம்முறை தேவைப்படுவதில்லை. அதற்கு நுண்ணோக்கிச் சோதனையோ, ஒட்டுண்ணியின் புரதத்தைக் கண்டறியும் சோதனையோ போதுமானது. உறைக்கூடுகள் நாள்தோறும் வெளியேறுவதில்லை என்பதால், நுண்ணோக்கியில் பார்க்கும்போது வெவ்வேறு நாள்களில் மூன்று மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன. மெட்ரோனிடசோல், டினிடசோல், நிடசாக்சனைடு முதலிய மருந்துகளும் மரபுத் தொகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. தொற்று எங்கிருந்து வருகிறது என அறிந்து அடுத்த குழந்தைக்குப் பரவாமல் தடுப்பதே மரபணு வகைப்படுத்தலின் முதன்மைப் பயன் ஆகும்.