சர்க்கரையைச் சுமக்கும் புரதம்

குன்னூர் சிம்ஸ் பூங்காவை ஒட்டியிருக்கும் பாஸ்டர் நிலையம் என்றாலே பலருக்கும் வெறிநாய்க்கடி மருந்துதான் நினைவுக்கு வரும். 1907-இல் தொடங்கிய அந்த நிலையம், குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியையும் தயாரித்து நாட்டுக்குக் கொடுத்தது. முத்தடுப்பு ஊசியில் உள்ள மூன்றில் ஒன்று டெட்டனஸ் டாக்ஸாய்டு. ரண ஜன்னிக் கிருமியின் நஞ்சை ஃபார்மலினால் முறித்துச் செய்த புரதம் அது. இந்தப் புரதத்துக்கு இன்று இன்னொரு வேலையும் இருக்கிறது: வேறொரு கிருமிக்கான ஊசியில் சர்க்கரையைச் சுமப்பது.

ஹிப் என்ற பாக்டீரியா குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும். அதன் மேலுறை கூட்டுச் சர்க்கரை. அதை மட்டும் ஊசியாகப் போட்டால் பெரியவர்கள் உடலில் ஆன்டிபாடி சுரக்கும். இரண்டு வயதுக்குக் கீழே பலன் மிகக் குறைவு. நோய் அதிகம் தாக்குவதோ அந்த வயதில்தான்.

ஆன்டிபாடியைச் சுரக்கும் பி செல் முழு வீச்சில் இயங்க டி செல்லின் உதவி வேண்டும். டி செல்லிடம் சர்க்கரைக்குச் செல்வாக்கில்லை, புரதத்தின் சிபாரிசு தேவை. இரண்டையும் வேதிப்பிணைப்பால் கட்டிவிட்டால், சர்க்கரையை அடையாளம் கண்ட பி செல் புரதத்தையும் சேர்த்து விழுங்கி, அதன் துண்டை டி செல்லுக்குக் காட்டும். ஆன்டிபாடி பெருகும், நினைவு செல்களும் உருவாகும். வெறுமனே கலந்தால் இது நடக்காது. சர்க்கரையைப் புரதத்தோடு கட்டும் வித்தையை ஏவரி, கோபல் என்ற ஆய்வாளர்கள் 1929-இலேயே நியூயார்க்கில் செய்து காட்டினார்கள். கைக்குழந்தைகளுக்கு அது வந்து சேர அறுபது ஆண்டுகள் ஆயின!

எந்தப் புரதம் என்பதும் சாதாரண விஷயமல்ல. டிப்தீரியா டாக்ஸாய்டோடு கட்டிய ஹிப் ஊசி பின்லாந்துக் குழந்தைகளை நன்றாகக் காத்தது. அலாஸ்கா பூர்வகுடிக் குழந்தைகளிடம் தோற்றது. மெனிஞ்சோகாக்கஸ் கிருமியின் வெளிச்சவ்வுப் புரதத்தோடு கட்டியதோ, அமெரிக்காவின் நவாஹோ பூர்வகுடிக் குழந்தைகளிடம் முதல் தவணையிலேயே பலன் தந்தது. 1991-இல் வெளியான அந்த ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர், புதுச்சேரி ஜிப்மரில் படித்த டாக்டர் மதுரம் சந்தோஷம். அதற்காக ஒரே புரதத்தை எல்லா ஊசியிலும் திணிக்கவும் முடியாது. உடலின் கவனம் புரதத்தின் மீதே குவிந்து, சர்க்கரைக்கான ஆன்டிபாடி குறையக்கூடும்.

இந்தியாவில் ஹிப் சர்க்கரையைச் சுமப்பது பெரும்பாலும் டெட்டனஸ் டாக்ஸாய்டுதான். அதைக் கொண்ட, ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி, 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் அரசுத் திட்டத்துக்கு வந்தது. 6, 10, 14 வாரங்களில் போட வேண்டும். தேயிலைக் கொழுந்து சீசன், தோட்ட வேலை என்று எந்தத் தவணையையும் தள்ளிப்போடாதீர்கள்.