காவிரி கெடுவது கடைசி இருபது அடியில்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போர்த் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் பதிவு செய்தது. அந்த உப்பு, காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும்.

அதனால்தான் மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரியைக் குழாயில் கொண்டு வந்தார்கள். ஆனால், அதுவும் வீட்டுக்குள் வந்தபின் கெடுகிறது.

குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வெயிலில் காயும் சின்டெக்ஸ் தொட்டியில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். அடியில் படிந்த வண்டல் மிச்சத்தையும் தின்னும். அதன்பின் கிருமிக்குத் தடையில்லை. குறுகலான தெருக்களில் சம்பு சாக்கடையை ஒட்டியே இருக்கும். சுவரில் மயிரிழை விரிசல் விட்டாலும் கழிவுநீர் உள்ளே கசியும்.

வீட்டில் சேமித்த தண்ணீர் கெடுவதை, வேலூர் நகர வீடுகளில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நேரிலேயே பார்த்தார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒன்று முதல் ஒன்பது நாள் வரை சேமித்ததில், மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் தண்ணீரின் மாசு கூடியிருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த வீடுகளில் மாசு குறைவு. பித்தளையிலுள்ள செம்பு துளித்துளியாக நீரில் இறங்கிக் கிருமிகளைக் கொல்லும். பிளாஸ்டிக் குடத்துக்கு அந்தக் குணம் இல்லை. பாட்டி வீட்டுப் பித்தளைக் குடத்தை எடைக்குப் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்காகப் பித்தளை ஒன்றையே நம்பி இருந்துவிடக் கூடாது. குடத்துக்குள் கைவிட்டு மொள்ளாமல், நீண்ட பிடியுள்ள கரண்டியால் எடுக்க வேண்டும். மூடி எப்போதும் மூடியிருக்க வேண்டும். தொட்டியின் வழிகுழாய் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். தொட்டியைக் கழுவும்போது அடி வண்டலை முழுக்க வெளியேற்ற வேண்டும். குளோரின் போட வேண்டி வந்தால், 1,000 லிட்டருக்கு நெடி போகாத பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 6 கிராம் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் விட வேண்டும்.

பல வீடுகளில் காவிரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் ஒரே தொட்டியில்தான் ஏறுகின்றன. உப்பைத் தவிர்க்க வந்த தண்ணீரிலேயே உப்பைக் கலக்கும் வேலை இது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் குடிநீருக்கென்று சின்னதாக ஒரு தனித் தொட்டி வைத்து, சமையலறைக்குத் தனிக் குழாய் இறக்கிவிடலாம்.