கூட்டைத் துளைத்து வந்தது யார்?

தென்னை, பனை, ஈச்சை, பாக்கு ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் ஓலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிகள் சில உள்ளன. ஆங்கிலப் பெயரால் ‘பாம்ஃபிளை’ என்று வழங்கப்படும் வண்ணத்துப்பூச்சி அவற்றுள் ஒன்று. மும்பை, கொல்கத்தா போன்ற பெருநகரங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் பனைவகைச் செடிகளிலும் இதன் பச்சை நிறப் புழுக்களைக் காணலாம்.

நன்கு வளர்ந்த புழு உண்பதை நிறுத்திவிட்டு, ஓலையின் அடியில் தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாக மாறுகிறது. கூட்டுப்புழுவுக்கு ஓட இயலாது. எதிர்த்துப் போரிடவும் இயலாது. ஓலையின் நிறத்தோடு ஒன்றியிருப்பதே அதற்குப் பாதுகாப்பு. சில நாட்களில் அதிலிருந்து வண்ணத்துப்பூச்சி வெளிவர வேண்டும். ஆயினும், சில கூடுகளிலிருந்து வெளிவருவது வண்ணத்துப்பூச்சி அன்று. குளவி அல்லது ஈ.

இத்தகைய குளவியும் ஈயும் ஒட்டுண்ணிகள் எனப்படும். பேன், உண்ணி போன்ற ஒட்டுண்ணிகள் தாம் வாழும் உயிரைப் பெரும்பாலும் கொல்வதில்லை. ஆனால், இவற்றின் குஞ்சுப் புழுக்கள் தமக்கு உணவளித்த உயிரை முடிவில் கொன்றே விடுகின்றன.

குளவியும் ஈயும் கையாளும் முறைகள் வெவ்வேறானவை. ‘பிராக்கிமீரியா’ என்பது கூட்டுப்புழுவைத் தாக்கும் குளவி வகை. கரிய உடலும் பருத்த பின்னந்தொடையும் கொண்ட இக்குளவி சில மில்லிமீட்டர் நீளமே உடையது. பெண் குளவி தன் ஊசி போன்ற உறுப்பால் கூட்டின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, கூட்டின் உள்ளிருப்பதைத் தின்று அங்கேயே குளவியாக உருமாறுகிறது. பின்னர்க் கூட்டைக் கடித்து வட்டமான துளையிட்டு வெளியேறுகிறது.

ஒட்டுண்ணி ஈக்களுள் பல, கூட்டுப்புழுவாகும் வரை காத்திருப்பதில்லை. அவை ஓலை தின்னும் பருவத்திலேயே புழுவின் உடல்மீது முட்டையிடுகின்றன. ஈயின் புழு உள்ளே புகுந்து மறைந்து வளர்கிறது. புழுவும் ஏதும் நேராததுபோல் உண்டு, கூட்டுப்புழுவாகவும் மாறிவிடுகிறது. அதன்பிறகே ஈயின் புழு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே விழுகிறது.

எனவே, வெற்றுக் கூட்டை உற்று நோக்கினால் நடந்ததை அறியலாம். தலைப்பகுதியில் தோல் வெடித்துப் பிளந்திருந்தால், வண்ணத்துப்பூச்சி பறந்து சென்றிருக்கும். பிளவின்றிச் சிறிய வட்டத் துளை மட்டும் இருந்தால், வெளிவந்தது பெரும்பாலும் குளவியே.

அழகிய வண்ணத்துப்பூச்சி மடிவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால், ஓலை தின்னும் பூச்சியின் ஒவ்வொரு முட்டையும் பிழைத்துப் பெருகினால் மரத்தில் பசுமை எஞ்சாது. இவ்வுண்மையைத் தென்னந்தோப்பில் தெளிவாகக் காணலாம்.

கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் தென்னையைக் கருந்தலைப் புழு தாக்குகிறது. இது வண்ணத்துப்பூச்சியின் உறவான அந்துப்பூச்சியின் புழு. ஓலையின் அடியில் நூலாம்படை போன்ற கூடு அமைத்து, அதனுள் மறைந்திருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். தாக்குதல் மிகுந்தால், தோப்பு தீயில் கருகியதுபோல் காட்சியளிக்கும், காய்ப்பும் குறையும்.

இப்புழுவின் பகைவர்களாகிய குளவிகள் பணியைப் பகிர்ந்துகொண்டவை போலச் செயற்படுகின்றன. பிரகான், கோனியோசஸ் ஆகியவை வளர்ந்த புழுவைத் தாக்குகின்றன. கூட்டுப்புழுவாக மாறும் நிலையிலுள்ள புழுவை எலாஸ்மஸ் தாக்குகிறது. அனைத்துக்கும் தப்பிக் கூட்டுப்புழுவானதைப் பிராக்கிமீரியா தாக்குகிறது. கோனியோசஸ் தாய்க்குளவி, தான் முட்டையிட்ட புழுவை விட்டு அகலாமல் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் இயல்புடையது.

காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இக்குளவிகளை ஆராய்ந்து, அவற்றைப் பயன்படுத்தும் முறைகளை உழவர்க்கு வழங்கியுள்ளது. இந்நிறுவனம் 1916 ஆம் ஆண்டில் தென்னை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கப்பட்டது. ஆய்வுக்கூடங்களில் அரிசி அந்துப்பூச்சியின் புழுக்களைக் கொண்டு கோனியோசஸ் குளவிகள் வளர்க்கப்பட்டுத் தோப்புகளில் விடப்படுகின்றன. இதில் காலமறிதல் இன்றியமையாதது. தோப்பில் உரிய பருவத்துப் புழுவோ கூட்டுப்புழுவோ இல்லையெனில், விடப்பட்ட குளவிகள் முட்டையிட இடமின்றி வீணே மடியும்.

கண்மூடித்தனமாக நஞ்சு தெளிப்பதாலும் தீங்கு விளைகிறது. கருந்தலைப் புழு கூட்டினுள் மறைந்திருக்கிறது. குளவியோ திறந்தவெளியில் பறந்து திரிகிறது. ஆகவே, நஞ்சு முதலில் காவலனையே கொல்லக்கூடும். காவலன் இல்லாத தோப்பில் எஞ்சிய புழுக்கள் மீண்டும் பெருகும்.

துளை விழுந்த கூடு ஒரு வண்ணத்துப்பூச்சியின் இழப்பைக் காட்டுகிறது. அதே கூடு, ஓலையைக் காக்கும் மற்றோர் உயிர் அம்மரத்தில் வாழ்கிறது என்பதையும் காட்டுகிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. பேனுக்கும் பிராக்கிமீரியாவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. நஞ்சு தெளித்த தோப்பில் கருந்தலைப் புழு மீண்டும் பெருகுவது ஏன்?
3. உங்கள் பள்ளியிலோ குடியிருப்பிலோ உள்ள பனைவகைச் செடி ஒன்றின் ஓலைகளை உற்று நோக்கி, கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.